ஆற்றில் போட்ட எட்டு ஓடுகள்

ஆனைக்குட்டம் அணைக்குக் கீழே, ஆற்றுக்குள் எட்டு மண் ஓடுகளைப் போட்டு வைத்திருந்தேன். அவற்றில் படியும் வழுவழுப்பான பாசிப் படலத்தைச் சுரண்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களின் மரபணுவைச் சோதித்தால் ஆற்றின் உடல்நிலை தெரிந்துவிடும். அதுதான் என் ஆராய்ச்சி.

வாராவாரம் காலையில் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் எட்டு ஓடும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். நாலு வாரம் இப்படியே போக, எரிச்சல் தலைக்கேறியது. ‘பட்டாசு ரசாயனம்தான் காரணம், ஆறு செத்துவிட்டது’ என்று அறிக்கை எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் சாயங்காலம் போனேன். பட்டாசு கம்பெனியில் வேலை முடிந்து குளிக்க வந்த ஒரு அக்கா, கையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க, என் ஓட்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அது என் ஓடு!” என்று கத்தினேன்.

“ஒங்களுதா? யாரோ புண்ணியவான் போட்டுருக்காருன்னுல்ல நெனச்சோம்! வேலைக்குப் போற பொம்பளைக அம்புட்டுப் பேரும் இதுலதான் காலு தேய்க்கிறோம். பாசி வழுக்கும்ல, அதான் மண்ணு போட்டு வெளக்கி, எடுத்த எடத்துலயே வச்சிட்டுப் போவோம்.”

அன்று இரவே பேராசிரியருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

அறிக்கையைத் திரும்பப் பெறக் காரணம் எழுதச் சொன்னார் பேராசிரியர். ‘ஆற்றில் குளிக்க வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.