கட்டை போட்டதும் கண் எடுத்ததும்

நாகல் நகரில் நூர் அகமதுவின் பூக்கல் பட்டறையில் மொத்தமே ஒரு அச்சுதான். சதுரமான வெள்ளை சிமெண்டுக் கல். ஒரு மூலையிலிருந்து விசிறிபோல் விரியும் சிவப்புக் கால்வட்டம். நாலு கல்லைச் சேர்த்தால் முழுவட்டம். ஊரெல்லாம் வீட்டுத் தரைகளில் அதையே பதித்துப் பதித்து அவருக்கே சலித்துப்போயிருந்தது.

1957இல் சேவுகம்பட்டி மல்லிகைத் தோட்டக்காரி ராமுத்தாய் வந்தாள். புதுவீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க நாத்தனா வீட்டுலயும் இந்த வட்டந்தான் பாய். எனக்கு வேற மாதிரி வேணும்.”

புது அச்சுக்கு மாசக்கணக்காகும் என்று நூர் அகமது கையை விரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சைனம்பு, “அடுத்த சந்தைக்கு வா தாயி, இதே கல்லுல வேற காட்டுறேன்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

கொல்லையில் கற்களைப் பரப்பி உட்கார்ந்தாள். எப்படி அடுக்கினாலும் கை பழைய வட்டத்துக்கே போனது. இந்தக் கையை நம்பினால் ஆகாது என்று பித்தளைத் தாயக்கட்டை ஒன்றை எடுத்துவந்தாள். கட்டைக்கு நாலு முகம், கல்லுக்கும் நாலு பக்கம். ஒன்று விழுந்தால் கல்லை ஒரு பக்கம் திருப்புவது, இரண்டு விழுந்தால் இரண்டு, மூன்றுக்கு மூன்று. வெறும் முகம் விழுந்தால் கல் இருந்தபடியே இருக்கும்.

நூர் அகமது பார்த்துவிட்டார். “என்ன புள்ள இது? தாயம் ஆடுறது ஹராம்.”

“காசு வச்சா ஆடுறேன்? கல்லைத் திருப்பத்தானேங்க.”

முதலில் வந்ததெல்லாம் கோழி கிளறின மண்ணாட்டம் இருந்தது. மறுநாள் இன்னொரு சட்டம் சேர்த்தாள். நாலு கல்லுக்கு மட்டும் கட்டை உருட்டுவது. அந்த நாலையும் கண்ணாடியில் தெரிவதுபோல் பக்கத்திலும் கீழேயும் திருப்பி அடுக்குவது. அவ்வளவுதான், சிதறிக் கிடந்த சிவப்பெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது. ஒரு தடவை அலை, ஒரு தடவை பாதி நிலா, ஒரு தடவை சிவப்புக்கு நடுவே வெள்ளை நட்சத்திரம். அவள் கை கனவிலும் போடாதவை. பிடித்ததை வைத்துக்கொண்டாள், பிடிக்காததைக் கலைத்தாள்.

நட்சத்திரத்தின் முன்னால் நூர் அகமது வெகுநேரம் நின்றார். “இது யாரு போட்டது, நீயா, கட்டையா?”

“கட்டை கூடை கூடையா போட்டுச்சு. இதை எடுத்தது நான்.”

சந்தை நாளில் ராமுத்தாய் வந்து நட்சத்திரத்தைத் தாண்டிப் போனாள். கலைக்காமல் விட்டிருந்த ஒன்றைக் காட்டி, “அக்கா, இந்த வெள்ளை எங்க தோட்டத்து மொட்டுல்ல!” என்றாள். அதில் மொட்டு இருப்பதைச் சைனம்பு அப்போதுதான் பார்த்தாள்.

அதன்பிறகு கொடைரோடு வரைக்கும் கல் போனது. ஒரு வீட்டுத் தரைபோல் இன்னொரு வீட்டில் இல்லை.

1964இல் பள்ளிவாசல் வராந்தாவுக்குக் கல் கேட்டார்கள். “பள்ளிவாசலுக்குத் தாயக்கட்டை வேணாம்” என்றார் நூர் அகமது.

“சரி, கண்ணை மூடி வாய்க்கு வந்த நம்பரை நீங்களே சொல்லுங்க.”

“மூணு... வெறும் முகம்... ரெண்டு...” அவர் சொல்லச் சொல்ல அவள் திருப்பினாள். கண்ணைத் திறந்து பார்த்தவர், “இன்னொருவாட்டி போடுவோம்” என்றார். அப்படியே பொழுது சாய்ந்தது, அன்று உலை வைக்கவில்லை. கடைப் புரோட்டாவைக் கற்களுக்கு நடுவில் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட்டார்கள்.