டேப் ஒட்டிய பொத்தான்கள்

என் மகன் பெரம்பலூரில் ஒரு ஸ்டுடியோவில் பாட்டுக்கு இசை சேர்க்கிறான். இப்போது கீபோர்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. போன மாதம் அப்படி ஒன்றை வாங்க உட்கார்ந்தபோது மூன்று விலை காட்டியது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மடுவுக்கும் மலைக்குமான தூரம். உள்ளே என்ன வேறு என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதாம்ப்பா. கம்மி வெலைக்கு வாங்குனா பாதிச் சத்தத்தப் பூட்டி வச்சிருப்பான்."

இருப்பதைப் பூட்டி வைக்க எதற்கு மெனக்கெட வேண்டும் என்று அவனுக்கு ஆத்திரம். அந்தப் பூட்டை ஒன்பது வயதில் என் நகத்தால் பிய்த்தவன் நான்.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அம்மாவின் தம்பி, என் மாமா, அரியலூரில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தபடியே வாசிக்கப் பழகி, திருச்சியில் ஒரு பழைய கீபோர்டு வாங்கி வந்தார். வாங்கிய கையோடு கடை வேலையையும் விட்டுவிட்டார். ஊர்க் கோயில் திருவிழாவில் வாசித்தால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அதை வைத்துத்தான் வருஷம் பூராவும் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தெருவின் திருவிழா அதற்கு ஒரு வாரம் முன்னால் வரும். அங்கேயும் மாமாதான் வாசிப்பார். நாங்கள் கொடுப்பது ஊர் கொடுப்பதில் பாதிகூட இருக்காது.

எங்கள் தெருவில் வாசிக்கும்போது மட்டும் கீபோர்டின் நான்கு பொத்தான்கள் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும்.

"ஏன்டா தம்பி, போன வருஷம் ஊர்க் கோயில்ல வாசிச்சியே, அழுவுற மாதிரி ஒரு சத்தம். ஏரிக்கரையில நின்னு கேட்டேன். நம்ம தெருவுல மட்டும் அது ஏன் வர மாட்டேங்குது?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தப் பொத்தானெல்லாம் ரிப்பேரு, அக்கா" என்றார் மாமா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

நான் நம்பினேன். திருவிழாவன்று காலையில் மாமா குளிக்கப் போயிருந்தபோது டேப்பைப் பிய்த்து அமுக்கிப் பார்த்தேன். வயலின் வந்தது. ரிப்பேரைச் சரிசெய்தது நான்தான் என்று எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் அம்மா கேட்கட்டும் என்று டேப்பைப் பழையபடி லேசாக ஒட்டி வைத்தேன்.

பொழுது சாய்கிற நேரம் கச்சேரி தொடங்கியது. இரண்டாவது பாட்டில் மாமா பக்கத்தில் போய் நின்று, டேப்பை உரித்துப் பொத்தானை அமுக்கினேன். ஸ்பீக்கரில் வயலின் அழுதது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்ப ஆர்மோனியச் சத்தத்துக்கு மாற்ற அவருக்கு ஒரு நொடி போதும். மாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பாட்டுவரை வயலினிலேயே வாசித்தார்.

மறுநாள் காலையில் ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தெருவுக்குள் வரவில்லை. தெருமுனைப் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னடா, ராத்திரி ஒந் தெருவுல வயலினாமே?"

"சின்னப்பய தெரியாம அமுக்கிட்டானுங்கய்யா."

"அவன் அமுக்குனான், நீ வாசிச்சியே. அன்னிக்கே என்னா சொன்னோம்?"

"சொன்னீங்கய்யா."

"ஒங்க தெரு கேட்டு முடிச்ச எச்சிச் சத்தத்த அடுத்த வாரம் எங்க அம்மன் கேக்கணுமாடா? போ, போயி ஒந் தெருவுலயே வாசி. ஜெயங்கொண்டத்துலேருந்து வேற ஆளு வரான்."

அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா என்னை விளக்குமாறு பிய்யும்வரை அடித்தாள். மாமா அடிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எந்த ஊரும் அவரைக் கூப்பிடவில்லை. கீபோர்டு திருச்சிக்கே திரும்பிப் போனது. மாமா அரியலூரில் சிமெண்ட் மூட்டை தூக்கினார். ஊர் கொடுத்த விலையில் வயலின் கேட்பதற்கு எவ்வளவு, அது எங்களுக்குக் கேட்காமல் இருப்பதற்கு எவ்வளவு என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.

அடி வாங்கிய அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பிய்த்ததை ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். டேப்பில் பசை போயிருந்தது. சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, நான்கு பொத்தான்களையும் முன்பைவிட நேர்த்தியாக மூடி, ஓரங்களை நகத்தால் அழுத்தினேன். கீபோர்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய் மாமாவிடம் காட்டினேன்.

"இப்ப சரியாயிடுச்சுல்ல மாமா? இனிமே நம்ம தெருவுல வயலினே வராது."

மாமா டேப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நானும் கூடவே சிரித்துவிட்டு, விளையாட ஓடினேன்.