இருநூற்றுப் பதினான்கு ஓட்டுகள்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஓட்டுச் சீட்டு எண்ணியது. அப்பா ஆசிரியராக இருந்த பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல். எல்லாரும் போன பிறகு, வகுப்பறையில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு அவர் ஒருமுறை எண்ணினார், அவள் மறுமுறை எண்ணினாள். இரண்டாவது தடவை பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர் வைத்த விதி. தபால்காரர், பல் மருத்துவர் என்று வருடா வருடம் யாரையாவது பிடித்துவருவார். இந்த முறை யாரும் சிக்கவில்லை.

"நான் எப்படிப்பா வெளியாள்?"

"பள்ளிக்கூடத்துக்கு வெளியாள்தானே? பேசாம எண்ணு."

இரண்டு தடவையும் ஒரே கணக்கு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இருநூற்றுப் பதினான்கு, பள்ளி நிர்வாகியின் பேரனுக்கு இருநூற்று ஒன்பது. மகள் கையெழுத்துப் போட்டாள்.

முப்பத்தோரு வருடம் அவர் குடிமையியல் நடத்தினார். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் கை வைப்பது அந்த வகுப்பில்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் சார்'. திருடக் கூடாது என்று யாராவது சொன்னால், "ஏன்?" என்பார்.

"மாட்டிக்குவோம் சார்."

"மாட்டலைன்னா?"

அங்கேதான் பாடம் தொடங்கும். வீட்டிலும் விடமாட்டார். பன்னிரண்டு வயதில் அவள் பொய்க் காய்ச்சல் சொல்லி மட்டம் போட்டாள். அவர் திட்டவில்லை. "எல்லாப் பிள்ளையும் இப்படியே சொன்னா, நிஜமாக் காய்ச்சல் வந்தவளை நாளைக்கு யார் நம்புவா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்கு நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று அன்று முழுக்கப் புரண்டுகொண்டிருந்தாள்.

அவள் படித்தது கருவிகளைப் பற்றி. தராசு, வெப்பமானி, அழுத்தமானி ஆகியவற்றைச் சோதித்துச் சான்றிதழ் தருவது வேலை. எந்த அளவிலும் பிழை உண்டு, அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

பேரன் தோற்றதை நிர்வாகி ஏற்கவில்லை, அப்பாவும் முடிவை மாற்ற மறுத்துவிட்டார். தலைமையாசிரியர் அவளைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார்.

"அப்பா ரிட்டையர் ஆக எட்டு மாசம்தாம்மா இருக்கு. இந்த நேரத்துல நிர்வாகத்தோட மல்லுக்கு நிக்கணுமா? நீங்க சொல்லுங்க, கையால எண்ணினா தப்பு வர வாய்ப்பு உண்டா இல்லையா?"

"உண்டு சார்."

"அதை ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். மறுபடி எண்ணிப் பாத்துட்டா விஷயம் முடிஞ்சுது."

அவள் எழுதினாள்: கையால் எண்ணும் எந்த எண்ணிக்கையிலும் பிழைக்கு வாய்ப்பு உண்டு. கீழே பெயர், தகுதி, முத்திரை.

மறுபடி யாரும் எண்ணவில்லை. சீட்டுகளை எரித்துவிட்டார்கள். எண்ணியவரே பிழையை ஒப்புக்கொண்டதால் முடிவு ரத்து, நிர்வாகியின் பேரனே தலைவர் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பக்கத்தில் அவளுடைய கடிதத்தின் நகல். அப்பா அதைப் பிள்ளைகளோடு நின்று படித்தார். ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டபோது, "உங்க பொண்ணே எழுதிக் குடுத்திருக்கா, நாங்க என்ன சார் பண்றது?" என்றார் தலைமையாசிரியர். மற்ற பதினெட்டுப் பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

"உங்களை நிம்மதியா விடுவாங்கன்னு நெனச்சேன்பா."

"நீ எழுதினதுல ஒரு பொய்யும் இல்ல."

"இல்லப்பா."

"அதனாலதான் அவங்களுக்கு உதவுச்சு. பொய்யா இருந்தா நான் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போயின என்று அவள் இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டு ஓடினாள். தலைமையாசிரியர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "சீட்டே இல்லையேம்மா, இனி எதை வெச்சு?"

சனிக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போகப்போவதாக அப்பா சொன்னார். "நீதான் ஜெயிச்சேன்னு அவ முகத்தைப் பாத்துச் சொல்லணும். இல்லேன்னா ஓட்டுப் போடறதே வெட்டி வேலைன்னு நெனச்சுக்கிட்டே வளருவா."

"நானும் வரட்டுமாப்பா?"

"வேண்டாம். உன் பேரை அவ படிச்சிருக்கா."

வியாழக்கிழமை காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தவர் குளியலறையில் விழுந்தார். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது.

முகவரியை எழுதி மேசைமேல் வைத்திருந்தார். மூன்றாவது மாடி, இரண்டு பேருந்து மாற வேண்டும். அந்தச் சனிக்கிழமை போயிற்று, அடுத்ததும் போயிற்று. மகள் ஒருமுறை பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பினாள். அந்தப் பெண்ணிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.