பத்து மணிக்குள் வந்த மறுமொழி

டேப் ரெக்கோடரில் நடந்து முடிந்த சத்தம் மட்டும்தான் பதியுமா? நாலு வருடமாக இந்தக் கேள்வியை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன், மறுமொழி கிடைக்கவில்லை. சிரிக்காமல் கடைசிவரை வாசியுங்கள். பேய், ஜின் என்று யாராவது கதைத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். படித்தவள், ஆசிரியை, அதையெல்லாம் நம்பினால் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது என்று நினைத்திருந்தவள். இன்றைக்கும் நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் நடந்தது நடந்ததுதான், வல்லாஹி.

எங்கள் ஊர் கல்முனைக்குடி. பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீசு படிப்பிக்கிறேன். பிள்ளைகள் நன்றாக எழுதுவார்கள், வாய் திறந்து ஒரு வசனம் சொல்லச் சொன்னால் முக்காட்டு நுனியைக் கடிப்பார்கள். சவூதியிலிருந்து லீவில் வந்த என் கணவர் ஒரு டேப் ரெக்கோடரும் புதுக் கசட் ஒரு கட்டும் கொண்டுவந்தார். அதை வைத்து நான் ஒரு வழி செய்தேன். கேள்வி ஒன்றைப் பதிவேன், பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் விடுவேன், அடுத்த கேள்வியைப் பதிவேன். வகுப்பில் ஓடவிடும்போது பிள்ளைகள் அந்த இடைவெளிக்குள் மறுமொழி சொல்லவேண்டும். என்னிடம் கைமணிக்கூடு இல்லை. தஸ்பீஹ் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் சுப்ஹானல்லாஹ் சொல்லிப் பத்து மணி உருட்டுவேன், அதுதான் ஓர் இடைவெளி. திக்ருச் செய்கிற மாலையைப் பாடத்துக்குப் பாவிக்கலாமா என்று அப்போதே ஒரு பயம் இருந்தது. நான் அப்படித்தான், எதைச் செய்தாலும் பிறகு சரியா பிழையா என்று கிடந்து யோசிப்பேன்.

ஆனால் என்னை உண்மையில் தின்றுகொண்டிருந்தது வேறு. என் மகள் ஜெஸீமாவுக்கு மூன்றரை வயது, ஒரு சொல்லும் கதைக்கவில்லை. காது நன்றாகக் கேட்கும். அலுமாரித் திறப்புக் கொத்து குலுங்கினால் ஓடிவருவாள். வேண்டியதைக் கையால் காட்டுவாள், "ம்" என்பாள், அவ்வளவுதான். டொக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். கணவரின் உம்மா, மாமி, பொறுக்கவில்லை. இறக்காமத்திலிருந்து புது அரிசியோடு வந்து இறங்குவார், மூட்டையை வைக்க முதல் தொடங்கிவிடுவார்.

"ஊரான் புள்ளையளுக்கெல்லாம் இங்கிலீசு வருகுது, பெத்த புள்ளைக்குத் தமிழே வரல்ல. என்ன படிப்புகா இது?"

எனக்கும் அதே நினைப்புத்தான். கடைசியில் கணவரும் சவூதிக்குத் திரும்பிய கையோடு எழுதிவிட்டார், நோன்புப் பெருநாளைக்குள் பிள்ளை கதைக்காவிட்டால் வேலையை விட்டுவிடு என்று. நானும் விலகல் கடிதத்தை எழுதி, திகதி மட்டும் போடாமல், அலுமாரியில் சாரிக்கு அடியில் வைத்தேன்.

அவர் திரும்பிப் போய் மூன்று கிழமை இருக்கும். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டுவிட்டது. ஆண்கள் எல்லோரும் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள், தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. ஜெஸீமா பின் வளவில் என் மூத்த சகோதரி, ராத்தா வீட்டில் நித்திரை. நான் அறையைப் பூட்டிக்கொண்டு புதுக் கசட் ஒன்றின் உறையை உடைத்துப் போட்டு ஆறு கேள்வி பதிந்தேன். உன் பெயர் என்ன, எத்தனை வயது, யாரோடு இருக்கிறாய், கூடப் பிறந்தவர்கள் யார், உம்மா என்ன செய்கிறார், கடைசியாக, எங்களுக்கு நீ என்ன சொல்ல விரும்புகிறாய். எல்லாம் இங்கிலீசில். ரெக்கோடர் பட்டறி தீர்ந்துவிடும் என்று போட்டுக் கேட்கவில்லை. அது என் பிழை, கேட்டிருந்தால் வகுப்புக்குக் கொண்டு போயிருக்கமாட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் போட்டேன். உன் பெயர் என்ன என்று என் குரல். தஸ்பீஹ் மணி உருளுகிற சின்னச் சத்தம், ஒன்று, இரண்டு. மூன்றாவது மணியில் ஒரு சின்னப் பிள்ளையின் குரல்.

"ஜெஸீமா."

வகுப்பே சிரித்தது. கசட் ஓடியது. "நாலு வயசு." "உம்மாவோட." நாலாவது கேள்விக்கு, "தம்பி." அந்த இடத்தில் தூரத்தில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. ஐந்தாவதுக்கு, "உம்மா புள்ளையளுக்குக் கதைக்கப் படிச்சுக் குடுக்கிற." ஆறாவதுக்குக் கொஞ்சம் யோசித்த மாதிரி, "பொறகு சொல்றன் உம்மா."

"டீச்சர், ஒங்கட மகளா? என்ன வடிவாக் கதைக்கிறா!"

"கேள்வி இங்கிலீசில, மறுமொழி தமிழில. நாங்களும் இப்பிடிச் சொன்னா மார்க்ஸ் போடுவீங்களா டீச்சர்?"

ஓம் என்றேனா இல்லை என்றேனா ஞாபகமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என் மகள் கதைக்காதவள் என்பது தெரியாது. தம்பி எங்கே இருக்கிறான்? நாலு வயது எங்கே ஆகிவிட்டது? எங்கள் அயலில் அப்போது கைக்குழந்தை உள்ள வீடே இல்லை.

ராத்தாவிடம் மட்டும் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தரம் கேட்டார்.

"ஜின்னாயிருக்குமோ ராத்தா?"

"போடி விசரி. ஜின்னுக்கு ஒண்ட இங்கிலீசு விளங்குமா?" என்று சிரித்தார். சிரிக்கிறவரின் கையைப் பார்த்தேன், மயிர் சிலிர்த்திருந்தது. "ஒருத்தருக்கும் சொல்லாத. வெச்சுப் பூட்டு."

பூட்டினேன், விலகல் கடிதத்துக்குப் பக்கத்திலேயே. ஜெஸீமாவின் காதில் அந்தக் கசட் ஒரு தரமும் விழவில்லை. திறப்பு என் இடுப்பில்தான்.

இரண்டு கிழமையில் தெரிந்தது, நான் பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று. பதிந்த அன்றைக்கே வயிற்றில் இருந்திருக்கிறான், எனக்கே தெரியாமல்.

நோன்பு வந்தது, பெருநாளும் வந்தது, மகள் கதைக்கவில்லை. கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தேன். உம்மா படிச்சுக் குடுக்கிற என்று அந்தக் குரல் சொன்னதே, நாலு வயதில் சொல்கிற மறுமொழி அல்லவா அது, அப்படியென்றால் நான் வேலையை விடவில்லை என்றுதானே அர்த்தம்? ஒரு கசட்டை நம்பி கணவரின் சொல்லை மீறலாமா? கடைசியில், பிள்ளை பிறக்கட்டும், பிறகு விடுகிறேன் என்று அவருக்கு எழுதிவிட்டு, திகதி போடாமலே திரும்ப வைத்தேன். பயத்தோடுதான் வைத்தேன்.

மகன்தான் பிறந்தான். நாற்பது நாள் முடிந்து, பள்ளிக்கூடம் போக இன்னும் சில நாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம், குழந்தை உள்ளறை ஏணையில் நித்திரை, ஜெஸீமா தரையில் கடற்கரையில் பொறுக்கிய சோகி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வகுப்புக்காக அதே ஆறு கேள்வியையும் வேறொரு கசட்டில் பதிய உட்கார்ந்தேன். முதல் கேள்வியைக் கேட்டு மணியை உருட்டினேன்.

"ஜெஸீமா" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

எழும்பிக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது, நிறுத்தினால் நின்றுவிடுவாளோ என்ற பயத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டேன். குரல் நடுங்கியது. "நாலு வயசு." "உம்மாவோட." இத்தனை காலமும் நான் கதவுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய இங்கிலீசையெல்லாம் இந்தப் பிள்ளை வாங்கி வாங்கி உள்ளே வைத்திருக்கிறாள். "தம்பி" என்றதும் ஏணையில் அவன் வீரிட்டு அழுதான். ஆறாவது கேள்விக்கு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பொறகு சொல்றன் உம்மா."

அன்று பின்னேரம் ராத்தாவைக் கூப்பிட்டு இரண்டு கசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். கேள்வி கேட்கிற என் குரல் பழையதில் திடமாக இருக்கிறது, புதியதில் நடுங்குகிறது. மற்றதெல்லாம் ஒன்று. இரண்டிலும் பெயர் மூன்றாவது மணியில். இரண்டிலும் குழந்தை அழுவது ஏழாவது மணியில். ராத்தா இந்தத் தரம் சிரிக்கவில்லை.

விலகல் கடிதத்தை அடுப்பில் வைத்தேன். இன்றைக்கு ஜெஸீமாவுக்கு எட்டு வயதாகப் போகிறது. வாய் ஓய்வதில்லை, மாமி வந்தால், "இவள்ட வாய மூட ஓதி ஒரு இசிம் கட்டுங்கடி" என்று சிரித்துக்கொண்டு மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார். வீடு நிறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ், எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த ஆறாவது கேள்வியை மட்டும் நான் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. வகுப்புக் கசட்டிலிருந்தும் எடுத்துவிட்டேன், என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

போன கிழமை கண்ணாடிக்கு முன்னால் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். என்னவோ கதைத்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"உம்மா, கடைசிக் கேள்வி ஒண்டு மிச்சமிரிக்கி. ஏன் நீங்க கேக்கல்ல?"

"எந்தக் கேள்வி மகள்?"

"ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். என் கையில் அப்போது மாலை இல்லை, ஆனாலும் மனம் தன்பாட்டில் எண்ணியது. பத்து முடிந்ததும் அவள் பழையபடி கதைக்கத் தொடங்கினாள்.

படித்தவர்கள், பெரியவர்கள், பிள்ளை பெற்றவர்கள் இதை வாசிப்பீர்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்பீர்களா, கேட்காமல் விடுவீர்களா? தயவுசெய்து எழுதுங்கள். அவள் தினமும் என் முகத்தைப் பார்க்கிறாள்.