வெட்டாத பெல்ட்டும் குளிர் தாங்கும் ஏணையும்

சந்தேகப்படுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரகடத்தில் கார் சீட்டும் சீட் பெல்ட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தேன். அதில் ஆறு வருடம் ஸ்கிராப் யார்டு சாவியும் என்னிடம்தான் இருந்தது. “தனசேகர் சார் கண்ணு எக்ஸ்ரே மெஷின்டா” என்று லைனில் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்து போவேன். ஸ்டோர்ஸில் புதிதாகச் சேருகிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் என் பெருமை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. கோல்டு ரூமில் ஒரு ஆள்

பசை டின்கள் கெட்டுப்போகாமல் இருக்க ஸ்டோர்ஸை ஒட்டி ஒரு கோல்டு ரூம் இருந்தது. உள்ளே பத்து டிகிரிதான். டின்னை எடுத்தோமா வெளியே வந்தோமா என்று இருப்பார்கள். ரெண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் நின்றதில்லை.

இசக்கி அரை மணி நேரம் நின்றான். இசக்கி தையல் லைனில் டீம் லீடர். தென்காசிப் பக்கத்துக்காரன், முப்பது வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் மூன்று நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். வழக்கமாகப் பசை வேண்டுமென்றால் லைனிலிருந்து யாரையாவது அனுப்புவான். தீபாவளி முடிந்த பிறகு அவனே வர ஆரம்பித்தான். ரெஜிஸ்டரில் உள்ளே போன நேரம் இரண்டு பத்து, வெளியே வந்த நேரம் இரண்டு நாற்பது. ஒரு டின் எடுக்க அரை மணி நேரமா?

மறுமுறை அவன் வந்தபோது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, ஏதோ ஒரு துணி மூட்டையில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கையில் ஒயர் வைத்த தெர்மாமீட்டர்.

கதவைத் திறந்தேன். “இன்னாபா, தூங்கினு கீறியா?”

“இல்ல அண்ணாச்சி. சும்மா ஒரு டெஸ்ட் பாக்கேன்.”

“யாரு குடுத்த டெஸ்ட்டு?”

“யாரும் குடுக்கல. என் முதுகுதான் குடுத்துச்சு” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் எது செய்தாலும் எனக்குத் தப்பாகவே பட்டது. பஞ்சுத் துண்டுகளைக் கொண்டுவந்து எங்கள் தராசில் எடை போட்டான். சின்ன நோட்டில் படம் வரைந்து பக்கத்தில் எண் எழுதினான். ஒரு நாள், “அண்ணாச்சி, ஒரு ஆளு உக்காந்தா நம்ம ஃபோம் எவ்வளவு அமுங்கும்? அந்தப் பேப்பர் உங்ககிட்ட இருக்குமா?” என்று கேட்டான். அந்தப் பேப்பர் கஸ்டமர் கொடுத்தது. வெளியே போகக் கூடாதது. நாங்கள் இருக்கிற ரோட்டில் சீட் செய்கிற கம்பெனி எங்களுடையது மட்டும் இல்லை. யாருக்கோ விற்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஹெச்.ஆர். மேடத்திடம் போய்ச் சொன்னேன். “கவனிச்சுகிட்டே இருங்க” என்றார். எனக்கு அதைவிட இனிப்பான வேலை வேறு என்ன இருக்கிறது?

2. பை

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஷிப்ட் முடிந்து இசக்கி ஒரு பெரிய பையோடு கேட்டுக்குப் போனான். பை பெரிதாக இருந்தது, ஆனால் பஞ்சுபோல் லேசாகத் தூக்கிக்கொண்டு போனான். நானே ஓடிப்போய்ச் செக்யூரிட்டியிடம் பையைத் திறக்கச் சொன்னேன்.

உள்ளேயிருந்து துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது. பத்தடி நீளத்துக்கு ஒரு நைலான் துணி, அதோடு பஞ்சு வைத்துத் தைத்த ஒரு மெத்தை, எலாஸ்டிக் நாடா, ரெண்டு முனையிலும் கறுப்பு பெல்ட். என்ன இது என்று யாருக்கும் விளங்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. ஹெச்.ஆர். ரூமுக்குக் கொண்டுபோனோம். பிளான்ட் ஹெட்டும் வந்தார்.

“ஏணையா இது? குழந்தைக்கா?” என்றார் அவர்.

“எனக்குத்தான் சார். ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிப் படுக்கது. போன பொங்கலுக்குக் கொடைக்கானல் பக்கம் மலையில தங்குனோம். கடையில வாங்குன ஏணைதான். மேல ரெண்டு கம்பளி போத்தியும் அடியில காத்து பூந்து முதுகு விறைச்சுப் போச்சு. இந்த வருசம் நானே குளிரு தாங்குத மாதிரி ஒண்ணு தச்சிருக்கேன். வார பொங்கல் லீவுல போறோம்.”

“அடியில பஞ்சு வச்சா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்ளோ துணி?”

“மொதல்ல அப்படித்தான் சார் வச்சேன். ஆளு படுத்ததும் பஞ்சு அமுங்கிப் போகுது. அமுங்குன பஞ்சுல காத்து நிக்காது, குளிரு நேரா ஏறிருது. தையல் போட்ட இடமெல்லாம் கோடு கோடாக் குளிருது. கோல்டு ரூம்ல சாஞ்சு உக்காந்து பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். அதான் பஞ்சைத் தனி மெத்தையாத் தச்சு, ஏணைக்கு அடியில எலாஸ்டிக்ல தொங்க விட்டுட்டேன். ஆளு பாரம் அது மேல விழாது. முதுகை லேசாத் தொட்டுக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான்.”

பிளான்ட் ஹெட் சீட் டிசைனில் இருபது வருடம் இருந்தவர். என்கொயரி என்பதையே மறந்துவிட்டார். “ரொம்பத் தளர்ந்தா இடைவெளியில காத்து போயிடுமே?” என்று கேட்டார். நாலு மூலையிலும் எலாஸ்டிக்கை இழுத்து வைக்க ஒரு பக்கிள் வைத்திருப்பதை இசக்கி காட்டினான். மெத்தையின் ரெண்டு பக்கத்தையும் கயிறு விட்டுச் சுருக்கி வைத்திருந்தான். தலை ஒரு மூலை, கால் எதிர் மூலை என்று கோணலாகப் படுத்தால் முதுகு நேராக இருக்கும் என்றான். பஞ்சு மெத்தைக் கடையில் வாங்கியது, துணி கார் கவர் கடையில் வாங்கியது. ரெண்டுக்கும் பில் வைத்திருந்தான். நோட்டில் இருந்ததெல்லாம் இந்த ஏணையின் அளவுகள்தான். கண்ணை மூடி உட்கார்ந்தவன் முதுகின் எந்த இடம் குளிர்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தானாம்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஹெச்.ஆர். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அத்தோடு முடிந்திருக்கும்.

பிளான்ட் ஹெட் கறுப்பு பெல்ட்டை எடுத்து விரலால் தடவினார். ஓரத்தில் ரெண்டு பச்சை நூல் ஓடியது. “இது நம்ம பெல்ட்டாச்சே” என்றார்.

3. நான் வாயைத் திறக்காத நாள்

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ரிஜெக்ட் ஆன பெல்ட் ரோலை அப்படியே வெளியே அனுப்பக் கூடாது. அடி அடியாக வெட்டி, எதற்கும் உதவாமல் ஆக்கித்தான் ஸ்கிராப் லாரியில் ஏற்ற வேண்டும். முழுசாகப் போனால் யாராவது வாங்கிப் பாரம் தூக்குவார்கள், அறுந்தால் ஆள் போய்விடும். வெட்டியதை ஸ்டோர்ஸ்காரர் கண்ணால் பார்த்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

“எங்க வாங்கின?” என்று கேட்டார் பிளான்ட் ஹெட்.

“ஒரகடத்துல இருந்து சிங்கப்பெருமாள் கோவில் போற ரோட்டுல, பழைய சாமான் கடையில சார். அதுக்கு பில்லு தரல.”

“நம்ம பெல்ட்டு முழுசா வெளிய போகாதுப்பா. தனசேகர், ரெஜிஸ்டரைக் கொண்டாங்க.”

கொண்டுவந்தேன். எல்லா ரோலுக்கும் நேரே ‘வெட்டப்பட்டது’ என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

ரெஜிஸ்டரைப் பார்த்த அந்த நொடியே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. வெட்டுகிற மெஷினில் பிளேடு மழுங்கியிருந்தது. லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். வீட்டில் எல்லோரும் துணி எடுக்கப் போக என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ஓரம் சரியாக நெய்யப்படாமல் ரிஜெக்ட் ஆன ஒரு ரோலை அப்படியே ஏற்றச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

“லைன்ல இருந்துதான் எடுத்திருக்கணும்” என்றார் ஹெச்.ஆர். மேடம். இசக்கி என் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. ஸ்கிராப்புல இருந்து வெளிய போயிருக்க வாய்ப்பே இல்லையா?”

நான் சொன்னது இதுதான்: “ரெஜிஸ்டர்ல இருக்கறதுதாம்பா.”

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று அவனை அனுப்பினார்கள். ஏணையை சீல் வைத்து என்னிடமே கொடுத்தார்கள். திருட்டு என்று எழுதிவிட்டால் இந்த ஏரியாவில் வேறு எந்தக் கம்பெனியும் அவனை எடுக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான்கு நாள் ஓட்டினேன். நான்காம் நாள் சாயந்திரம் அந்தப் பழைய சாமான் கடைக்குப் போனேன். நியாயம் கேட்கப் போகவில்லை. அவன் பொய் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கடையில் பெல்ட்டே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். ஒருவனைத் திருடனாகப் பார்க்க இவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கடைக்காரர் மூலையைக் காட்டினார். “பெல்ட்டா? கீதே. டேக்கு கூட பிரிக்கல பாரு.” ரோலில் எங்கள் சிவப்பு ரிஜெக்ட் டேக் தொங்கியது. அதில் என் கையெழுத்து.

“யாரு யாருக்குக் குடுத்த?”

“தெக்கத்தி ஆளு ஒருத்தரு வாங்கினு போனாரு. ஏணை கட்டணும்னாரு. அப்பால பென்னலூர்ல ஒருத்தரு, வூட்ல கொயந்தைங்களுக்கு ஊஞ்சல் போடணும்னு பத்தடி வாங்கினாரு.”

பென்னலூர் என் ஊர். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். நாலு தெரு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது ரெண்டு பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இறங்கச் சொல்லி நானே கத்தி வாங்கி அந்த பெல்ட்டை அறுத்தேன். அந்த வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். மேலே கொக்கியில் உரசிய இடத்தில் பச்சை நூல் இரண்டும் ஏற்கெனவே அறுந்திருந்தன.

4. இசக்கி கேட்டது

மறுநாள் காலை, கடையிலிருந்து வாங்கி வந்த மீதி ரோலையும் டேக்கையும் பிளான்ட் ஹெட் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இசக்கியைக் கூப்பிட்டார்கள். சீல் வைத்த ஏணையைப் பிரித்து, அதில் இருந்த பெல்ட்டைக் கழற்றி டெஸ்ட் லேபில் இழுத்துப் பார்த்தார்கள். தாங்க வேண்டிய பாரத்தில் பாதிகூட வரவில்லை, ஓரத்திலிருந்து சரசரவென்று பிரிந்தது. இசக்கி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மலைச் சரிவில், கீழே பாறை இருக்கிற இடத்தில் அவன் அதில்தான் படுத்திருப்பான்.

அவனை அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வார்னிங் லெட்டர் கொடுத்து ஸ்கிராப் யார்டு சாவியை வாங்கிக்கொண்டார்கள். அது சரியான தண்டனைதான். ஆனால் அவனுடைய நண்பர்கள் மூன்று பேரும் முந்தின நாளே மலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

பெல்ட் இல்லாத ஏணையை அவனிடம் கொடுத்தேன். “தப்பு என்னுதுப்பா, மன்னிச்சிடு” என்றேன்.

அவன் துணியை மடித்துக்கொண்டே பேசினான். “என்னையச் சந்தேகப்பட்டதுக்கு எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. அது உங்க வேலை. வெட்டாம விட்டதும் போகட்டும், மனுசன்தானே. அன்னைக்கு ரூம்ல உங்களுக்கு ஞாபகம் வந்துச்சா, இல்ல அப்புறமா வந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க.”

“அன்னைக்கே வந்துச்சு” என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் அன்று தெம்பில்லை.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு லைனுக்குப் போனான். நான் ரிட்டயர் ஆகும்வரை இரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தோம். பசை டின்னுக்கு அவன் ஒருநாளும் நேரில் வரவில்லை. அடுத்த பொங்கலுக்குப் புது பெல்ட் போட்டு மலைக்குப் போய் நன்றாகத் தூங்கினான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டோர்ஸுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். வெட்டியதைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா, ஞாபகம் வந்த அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான்கு நாள் கழித்துச் சொன்னால் அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். உங்களுக்கு அவன் திரும்பக் கிடைக்கமாட்டான்.