தொண்ணூற்றாறு பாட்டும் இனாயத் பாயின் கட்டைவிரலும்

இனாயத் பாயிடம் எனக்கு முதலில் பிடித்தது அவருடைய குரல் இல்லை. அவர் சட்டைப்பையில் இருந்த போன்.

ரங்கநாதன் தெருவில், மாணிக்கவாசகம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை வாசலில், தோளில் ஸ்பீக்கர் பெட்டியும் கையில் மைக்குமாக நின்று சினிமாப் பாட்டு பாடுவார். பார்வை கிடையாது. பெருங்குடி ஆபீஸிலிருந்து மேற்கு மாம்பலம் திரும்பும் நான் தினமும் அவரைத் தாண்டித்தான் போவேன். ஒருநாள் அந்தப் போனைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பாட்டுக்கென்றே வந்த பழைய பட்டன் போன் அது. பக்கவாட்டில் சிவப்புக் கோடு, அதில் பாட்டுக்கு மட்டும் தனியாக மூன்று பட்டன்: முந்தைய பாட்டு, நிறுத்த, அடுத்த பாட்டு. இரண்டு ஸ்பீக்கர், மெமரி கார்டு, ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று நாள். பழைய மியூசிக் போன்கள் என்றால் எனக்குப் பைத்தியம். வீட்டில் ஆறு வைத்திருந்தேன்.

"டச் போன் வாங்கலையா பாய்?" என்று கேட்டேன்.

"பையன் வாங்கிக் குட்த்தான் நைனா. எங்க தொட்டாலும் ஒரே மாதிரி கீது. நான் உருகிப் பாடிக்கினு கீறப்ப, உள்ளேர்ந்து ஒரு பொம்பள ஸ்பீக்கர்ல ‘பேட்டரி இருபது சதவீதம்’னு சொல்றா. ஜனம் சிரிக்குது."

யாராவது ஒரு பாட்டு கேட்டால் ஸ்பீக்கர் சத்தத்தை இடது கையால் குறைப்பார். வலது கட்டைவிரல் பையின் மேலேயே கடகடவென்று தட்டும். சத்தத்தைக் கூட்டினால் கேட்ட பாட்டின் இசை ஓடிக்கொண்டிருக்கும். எப்படி என்று நான் கேட்கவே இல்லை. பட்டன்களின் அருமை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை அண்ணாச்சி கடைக்கு வெளியே வந்தார்.

"வே இனாயத்து, ஞாயித்துக்கெழம எம் பொண்ணுக்கு ரிசப்ஷன். வடபழனி மண்டபத்துல நீருதான் பாடணும். நம்ம கடை வாசல்ல பாடுவீரே, அந்தத் தாலாட்டு இருக்குல்லா, அதத்தான் முதல்ல பாடணும், என்ன?"

அவர் உள்ளே போனபிறகும் பாய் மைக்கை அணைக்காமல் நின்றார்.

"பதினோரு வருசமா நடந்துபோற ஜனத்துக்கே பாடிக்கினு கீறேன் நைனா. ஒரு பாட்ட முழுசா கேட்ட ஆளு கெடையாது. ஞாயித்துக்கெயம உக்காந்து கேப்பாங்க இல்ல?"

"கேப்பாங்க பாய்."

"ஆனா இந்த ஒயரு சொருகுற எடம் லூசா கீது. கரகரன்னுது."

நான்தான் கையை நீட்டினேன். "குடுங்க பாய். நான் சரிபண்ணித் தரேன்."

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். என்னிடம் இருந்த ஒரு போனைப் பிரித்து, அதன் ஒயர் செருகும் பாகத்தைக் கழற்றி இதில் பற்றவைத்தேன். சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கார்டைத் திறந்து பார்த்தால் தொண்ணூற்றாறு பாட்டுக்கும் வெறும் எண்தான் பெயர். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடித்து, பாட்டின் பெயர், படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் போட்டேன். பட போஸ்டர்கூடச் சேர்த்தேன். யார் பார்ப்பதற்குப் போஸ்டர் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். போன் நின்றிருந்த ஒரு பாட்டை மட்டும் ஓட்டிக் கேட்டவர் என் தோளைத் தட்டினார். "தேன் மாதிரி கீதுப்பா." சாயங்காலத்துக்கு சார்ஜ் மிச்சமாகட்டும் என்று உடனே அணைத்துவிட்டார்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். பாய் இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பாவில் மேடை ஓரம் நின்றார். போனின் ஒயரை மண்டபத்து ஸ்பீக்கரில் செருகியிருந்தார்கள். அண்ணாச்சி முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, தாலாட்டுக்குக் காத்திருந்தார். பாயின் கட்டைவிரல் கடகடவென்று தட்டியது.

குத்துப்பாட்டு அலறியது.

"பாய், செம! போடு!" என்று பின்னால் விசில். பாய் சிரிக்க முயன்றார். மறுபடி தட்டினார். இந்தத் தடவை வந்தது சாவு வீட்டுச் சோகப்பாட்டு. யாரோ ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது தடவை பாய் பட்டனை நீளமாக அமுக்கிவிட்டு, ஒவ்வொன்றாக எண்ணித் தட்டியதை நான் பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. பெயர் வைத்ததும் போன் எல்லாப் பாட்டையும் அகரவரிசைக்கு மாற்றிவிட்டது. அவர் எண்ணி வைத்திருந்த இடத்தில் எதுவுமே இல்லை.

ஓடினேன். மேடை ஏறிப் போனை வாங்கித் தாலாட்டைத் தேடி எடுப்பதற்குள் டிஜே ஒயரை உருவியிருந்தான். "டைம் இல்ல பாஸ், பொண்ணு மாப்ள என்ட்ரி."

அண்ணாச்சி ஒன்றும் திட்டவில்லை. "சாப்ட்டுட்டுப் போங்க வே," என்றார். அவ்வளவுதான்.

மண்டப வாசலில் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தொண்ணூத்தாறு புள்ளைக்கும் ஒரே நாள்ல பேரு வெச்சிட்ட."

"மன்னிச்சிருங்க பாய். நம்பர் சொல்லுங்க, பழையபடி அடுக்கிடறேன்."

மறுநாள் பனகல் பூங்கா பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். பழைய எண்கள் எங்கும் மிச்சமில்லை. அவர் ஞாபகம்தான் ஒரே வழி.

"நீளமா அமுக்குனா மொதோ பாட்டு, அந்த வயலின் பாட்டு. அங்கேர்ந்து ஒம்போது தபா, மழைப் பாட்டு. மழைலேர்ந்து நாலு, தாலாட்டு."

"நடுவுல என்னென்ன பாய்?"

அவர் கட்டைவிரல் காற்றில் தட்டியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து தட்டியது.

"வாய்க்குத் தெரியல நைனா. கைக்குத்தான் தெரியும். பாட்டு ஓடுனா கை போவும்."

ஆனால் கை போவதற்கு அந்த வரிசை வேண்டுமே! அதைத்தான் நான் அழித்திருந்தேன். இருட்டும்வரை உட்கார்ந்து முப்பத்தெட்டுப் பாட்டுக்கு இடம் கண்டுபிடித்தோம். மீதி ஐம்பத்தெட்டை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் கிடைத்த காலியிடங்களில் போட்டு நிரப்பினேன்.

இப்போதும் அவர் அதே கடை வாசலில்தான் நிற்கிறார். தாலாட்டு அதன் பழைய இடத்திலேயே இருக்கிறது, தினமும் பாடுகிறார். அண்ணாச்சி கல்லாவை விட்டு வெளியே வருவதில்லை.

நேற்று கைநிறையப் பைகளோடு ஓர் அம்மாள் நின்று ஒரு பழைய காதல் பாட்டைக் கேட்டார். பாய் சத்தத்தைக் குறைத்துத் தட்டினார், கூட்டிக் கேட்டார், தலையாட்டினார், மறுபடி தட்டினார். ஐந்தாறு தடவை.

"வரும்மா. இதுலதான் கீது. கொஞ்சம் நில்லுங்க."

"டிரெயினுக்கு நேரமாச்சுங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

தெரு இரைச்சலில் பாய்க்கு அது தெரியவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். பாட்டு வந்தது. முகமெல்லாம் சிரிப்பாக மைக்கைத் தூக்கி, அந்த அம்மாள் நின்ற பக்கம் திரும்பி, பாட ஆரம்பித்தார்.

 நான் அந்த அம்மாள் நின்றிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டேன்.