வலம்புரி நத்தை

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பூஜையறையில் ஒரு நத்தைக்குத் தினமும் பாலாபிஷேகம் நடந்தது. முட்டை என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்கிற வீடு எங்களுடையது.

நத்தையைக் கொண்டுவந்தது நான். எம்.எஸ்ஸி. ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தேன். கல் பொறுக்க ஜபல்பூர் பக்கம் அழைத்துப் போயிருந்தார்கள். எரிமலைக் குழம்பு ஓடி ஆறி, அதன்மேல் ஏரி தேங்கி, அந்த ஏரியையும் அடுத்த குழம்பு வந்து மூடிய இடம். ஏரிச் சேறு கறுப்புக் கல்லாக இறுகிவிட்டது. உள்ளே இருந்த நத்தைகளும் கல்லாகிவிட்டன. மண்டை காயும் வெயிலில் சுத்தியலால் தட்டித் தட்டி நான் எடுத்ததில், ஒரே ஒரு கல்லில்தான் நத்தை உடையாமல் முழுசாக இருந்தது. என் ஆய்வேடு முழுக்க அதை நம்பித்தான் நின்றது.

ஊர் திரும்பியதும் கல்லைக் கழுவி முற்றத்தில் காயவைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். குளித்துவிட்டு வந்த அப்பாவின் கண்ணில் பட்டிருக்கிறது. வழவழப்பான கறுப்பு, அதில் சுருள், அந்தச் சுருளும் வலம்புரிச் சங்கின் பக்கமாகவே சுற்றியிருந்தது. நான் வருவதற்குள் கல் சாளக்கிராமமாகிப் பூஜைப் பெட்டிக்குள் குடியேறிவிட்டது.

“நர்மதைப் பக்கத்துலேர்ந்து தானா நம்மாத்தைத் தேடிண்டு வந்திருக்கு. வலம்புரி வேற!”

“தானா வரலேப்பா. ரயில்ல என் பையில வந்தது.”

எடுக்கப் போனேன். “தொடாதே! சாளக்கிராமத்தைப் பொம்மனாட்டிகள் தொடப்படாது” என்றார். நான் உடைத்தெடுத்த கல்லை நான் தொடக்கூடாதாம். வந்த சாளக்கிராமத்தை வெளியே அனுப்பவும் கூடாதாம், ஒரு நாள்கூடப் பட்டினி போடவும் கூடாதாம். உயிரோடு இருந்தவரை பாசியைத் தவிர வேறெதையும் அறியாத ஜீவன், எங்கள் வீட்டில் நெய்ச்சாதம் சாப்பிட்டது. உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் தீட்டுக் கழிக்கிறேன் என்று வீட்டையே அலம்பி விடுவார், கூடவே என் படிப்பையும்.

வாய்மொழித் தேர்வுக்கு முதல்நாள், அபிராமபுரத்தில் என் பேராசிரியர் வீட்டுக்குப் போய் அழுதேன். “கல் இல்லாம உன்னை உள்ளே விட மாட்டாங்கம்மா. நானே கேட்டுப் பார்க்கறேன்” என்று சைக்கிளில் வந்துவிட்டார். அப்பா அவரைக் கால் கழுவவைத்து, சட்டையைக் கழற்றவைத்து, பூஜைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தார். மனிதர் தொப்பையை அமுக்கிக்கொண்டு குனிந்து, லென்ஸ் வழியாக நத்தையைப் பார்த்தார். பார்த்த பூரிப்பில் வந்த காரியத்தையே மறந்துவிட்டார்.

“பிரமாதம்! நாளைக்கு முதல் கேள்வியே இதுதான். எங்கே, இது என்ன, சொல்லு?”

அவசரமாக லத்தீன் பெயரைச் சொன்னேன். சகஸ்ரநாமத்தில் விட்டுப்போன பெயர் ஒன்றைக் கேட்டவர் போல அப்பா உருகிப்போனார். “ஆஹா! அதைத் தமிழ்ல சொல்லேன்” என்றார்.

பேராசிரியருக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டை எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

“நத்தைப்பா” என்றேன். “ஏரித் தண்ணியில இருக்கற நத்தை.”

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. “நத்தைக்கா தினம் நெய் விட்டுண்டிருந்தேன்?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

“வலம்புரியாச்சேடி” என்றார் அப்பா என்னிடம். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

“இந்த ஜாதி நத்தை எல்லாமே அப்படித்தான்பா சுத்தும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லும் வேண்டாம், பட்டமும் வேண்டாம், அவர் முகம் பழையபடி ஆனால் போதும் என்று இருந்தது.  அப்பா பேராசிரியரிடம் திரும்பினார்.

“இவ சொன்னது சரியா?”

“ரொம்பச் சரி சார்.”

கல்லை எடுத்தார். அதன் மேலிருந்த சந்தனத்தைத் தன் வேஷ்டியில் துடைத்துவிட்டு என் கையில் வைத்தார்.

“நாளைக்கு அங்கேயும் இதையே சொல்லு. குரல் நடுங்கப்படாது.”